மூணு வயசு பொண்ணு அங்கன்வாடில விளையாடிட்டே இருக்கா, ஸ்கூலுக்கு எப்படி ரெடி ஆவா?

பக்கத்து வீட்டு குழந்தை ஏ பி சி டி எழுதறத பாத்தா வயித்த கலக்கத்தான் செய்யும். ஆனா மூணு வயசுல மணிக்கட்டு எலும்பே இன்னும் முழுசா உருவாகியிருக்காது, அந்த கையில பென்சில திணிச்சா கை வலிதான் மிச்சம். பல்லாங்குழி ஆட விட்டு பாருங்க, புளியங்கொட்டைய விரல் நுனியால பொறுக்கறா இல்ல, அந்த பிடிதான் நாளைக்கு பென்சிலுக்கு, குழிக்கு ஒண்ணுனு போடறப்ப எண்ணிக்கையும் வந்துடுது, தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கறது இருக்கே, ஒண்ணாங்கிளாஸ் டீச்சருக்கு அதுதான் பெரிய வரம். (கூடவே உக்காந்துக்கோங்க, டக்குனு வாயில போட்டுடும்.) 2020 தேசிய கல்விக் கொள்கையும் 3லேர்ந்து 8 வயசு வரைக்கும் விளையாட்டு வழியாதான் கத்துக்கொடுக்க சொல்லுது. வீட்ல தினம் ஒரு கதை சொல்லுங்க, சட்டை பட்டன அவளே போடட்டும், லேட் ஆனாலும் பரவால்ல.