பத்திரம் பிறகு, படிவம் முதலில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, ஊர் கும்பகோணம். பணிக்கொடையில் 15 லட்சம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மனித உரிமை, பாலினம், பாலியல்பு பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு, முக்கியமாகத் திருநர், தன்பாலீர்ப்பாளர் போன்ற பால்புதுமையருக்கு, வருடாவருடம் உதவித்தொகை தர ஆசை. சொந்தமாக டிரஸ்ட் பதிவு செய்வதா, பல்கலைக்கழகத்திடம் பணத்தை ஒப்படைத்து அங்கே அறக்கட்டளை நிறுவுவதா? அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் தம்பியும் பணம் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, முதலில் கணக்கு. 15 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 1,05,000 ரூபாய். விலைவாசியை ஈடுகட்ட அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 21,000 ரூபாயை, முதலோடு சேர்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதால்தான், பழைய அறக்கட்டளைகள் பலவற்றில் இன்று ஒரு புத்தகம் வாங்கக்கூட வட்டி காணாது. மீதி 84,000. மாதம் 7,000 வீதம் ஒரு மாணவரின் தங்கும் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாக இருக்கும். ஒரே ஒரு மாணவர். சொந்த டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு, தனி பான் எண், வருமான வரித் துறைப் பதிவும் அதன் புதுப்பிப்பும், ஆண்டுக் கணக்குத் தாக்கல் என்று செலவு தொடரும். ஆடிட்டருக்கு வருடம் 20,000 போனாலும் மாணவர் கையில் கால்வாசி குறைந்துவிடும். இந்தத் தொகைக்குச் சொந்த டிரஸ்ட் வேண்டாம்.

முதலையும் சேர்த்தே செலவழித்துவிடுவது இன்னொரு வழி. 15 லட்சமும் அதன் வட்டியுமாக ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் தரலாம். ஒரே நேரத்தில் மூன்று பேர், இரண்டாண்டு முதுகலை என்று வைத்தால் ஆறு ஆண்டுகளில் ஒன்பது பேர் பட்டத்தோடு வெளியே வருவார்கள். வட்டி வழியில் அதே காலத்தில் மூன்று பேர்தான். பெயர் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால் இதுவே மேல். இருபது பேருக்கு ஐயாயிரம் வீதம் பிரித்துக் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதை மட்டும் தவிருங்கள். அந்தப் பணம் ஒருவரையும் படிப்பில் நிறுத்தி வைக்காது.

எதற்குத் தருவது? இருப்பதையே மறுபடி தர வேண்டாம். மத்திய அரசின் ஸ்மைல் திட்டம் 2022-ல் வந்தது. அதில் ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலை வரை திருநர் மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய் உண்டு. உயர்கல்வி படிக்கும் திருநரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2024-25 பட்ஜெட்டில் அறிவித்தது. திருநருக்குக் கட்டண விலக்கு தருவதாக இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) 2017-லேயே அறிவித்தது. ஆனால் இந்த வழிகளில் பெரும்பாலும் அடையாள அட்டையோ சான்றிதழோ கேட்பார்கள். இன்னும் அதை வாங்காதவர், வாங்கப் பயப்படுபவர், வீட்டைவிட்டு வெளியேறி நிற்பவர் எல்லாம் வெளியே நிற்கிறார்கள். தன்பாலீர்ப்பு கொண்ட மாணவருக்கோ இப்படி ஒரு சான்றிதழே கிடையாது. அதனால் உங்கள் பணம் கல்விக் கட்டணத்தைவிட அறை வாடகை, அட்வான்ஸ், மெஸ் பில், லேப்டாப், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்குப் போவது நல்லது.

பாடத்தை எழுதும்போதும் கவனம் தேவை. 'எல்ஜிபிடிக்யூ படிப்பு' என்று நிபந்தனை போட்டால் விண்ணப்பமே வராது, ஏனென்றால் நம் பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயரில் பட்டம் தேடிக் கிடைப்பது கடினம். சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் மனித உரிமைகளில் எல்எல்எம் (சட்ட முதுகலை) இருக்கிறது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் தொலைதூர முறையில் மனித உரிமைச் சட்டத்தில் முதுநிலை டிப்ளமா இருக்கிறது. மற்றவர்கள் சமூகப்பணி, சமூகவியல், பெண்ணியல், வரலாறு எடுத்து, ஆய்வேட்டில்தான் இந்தப் பொருளைத் தொடுவார்கள். 'மனித உரிமை, பாலினம், பாலியல்பு சார்ந்த பாடமோ ஆய்வேடோ எடுத்தவர்' என்று எழுதுங்கள். அந்தப் படிப்பே நின்றுபோனால் எதற்குப் பணம் போக வேண்டும் என்பதும் ஒரு வரியில் இருக்கட்டும். பொது அறக்கட்டளைப் பத்திரத்தில் அந்த வரி இல்லாவிட்டால், நோக்கத்தை மாற்ற நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உதவித்தொகை வாங்குவதே ஒரு மாணவரை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடலாம். 'பால்புதுமையர் உதவித்தொகை' என்ற பெயரில் பணம் வந்தால் பாஸ்புக்கில் அனுப்பியவர் பெயர் அச்சாகும். வங்கிக் கணக்கோடு இணைத்திருப்பது அப்பாவின் கைப்பேசி எண் என்றால் எஸ்எம்எஸ் முதலில் போவது அவருக்குத்தான். மறுநாள் அந்தப் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாலியல்பு அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் துறைத் தகவல் பலகையில் ஒட்டும் பட்டியல் அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு ஒட்டப்படுவதில்லை.

இதற்குத் தீர்வு விதியிலேயே இருக்கிறது. உதவித்தொகைக்குப் பொதுவான பெயர் வையுங்கள். உங்கள் அம்மா பெயரே போதும். பாடமும் பணத்தேவையும்தான் தகுதி, யாரும் விண்ணப்பிக்கலாம், பால்புதுமையருக்கு முன்னுரிமை என்று வையுங்கள். அப்போது வாங்குபவர் யாரென்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. 'நான் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்' என்று சொல்வது விருப்பக் கேள்வியாக இருக்கட்டும், அந்தப் பக்கம் தேர்வுக்குழுவின் இரண்டு பேர் பார்வைக்கு மட்டும் போகட்டும். மருத்துவச் சான்று, புகைப்படம், 'நிரூபணம்' எதுவும் கேட்கக் கூடாது. பொய் சொல்லி ஒருவர் வாங்கிவிட்டால்? அவரும் மனித உரிமை படிக்கும் ஓர் ஏழை மாணவர்தான். பெரிய நஷ்டமில்லை.

படிவத்தில் இரண்டு பெயர்களுக்கு இடம் விடுங்கள்: எந்தப் பெயரில் அழைக்க வேண்டும், வங்கிக் கணக்கில் எந்தப் பெயர் இருக்கிறது. இந்த இரண்டும் வேறாக இருப்பதால்தான் பல இடங்களில் விண்ணப்பம் திரும்பி வருகிறது. எந்த எண்ணில், எத்தனை மணிக்கு அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். பெற்றோர் கையொப்பம் வேண்டாம், மாணவருக்கு 18 வயது முடிந்திருக்கும். வருமானச் சான்றிதழைக் கட்டாயமாக்கினால் வீட்டைவிட்டு வந்தவர் அங்கேயே விழுந்துவிடுவார். அவரிடம் சுய உறுதிமொழியும் ஓர் ஆசிரியரின் கடிதமும் வாங்கிக்கொள்ளலாம்.

பணம் எப்போது போகிறது என்பதும் முக்கியம். அட்வான்ஸ் கட்டுவது சேர்க்கை நேரத்தில். பல உதவித்தொகைகள் வந்து சேர்வதோ பொங்கலுக்குப் பிறகு. அதற்குள் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். சேர்ந்த பத்து நாளுக்குள் 60 சதவீதம், இரண்டாம் பருவத்தில் மீதி என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டுக்கு முதல் வகுப்பு நிபந்தனை வேண்டாம், தேர்ச்சி போதும். சிகிச்சைக்காகவோ வீட்டுப் பிரச்சினையாலோ ஓராண்டு இடைவெளி எடுத்தால் தொகை காத்திருக்கட்டும். அமெரிக்காவில் பால்புதுமை மாணவர்களுக்கு உதவித்தொகை தர 2001-ல் தொடங்கிய பாயின்ட் ஃபவுண்டேஷன் பணத்தோடு ஒரு வழிகாட்டியையும் சேர்த்தே தருகிறது. ஒரு வழக்கறிஞரோ பேராசிரியரோ மாதம் ஒருமுறை பேச இசைந்தால் இங்கும் அது முடியும்.

பல்கலைக்கழகத்துக்குப் போவதானால் ஆட்சிக்குழு ஒப்புதலுக்குப் பிறகு போடும் ஒப்பந்தத்தில் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: பயனாளி பெயர் வெளியிடப்படாது, பரிசளிப்பு மேடை கிடையாது, ஆண்டுதோறும் செலவுக் கணக்கு வரும், ஓராண்டு யாரும் தேர்வாகாவிட்டால் அந்தத் தொகை அடுத்த ஆண்டு சேரும். வாய்வார்த்தைக்குப் பதிவாளர் மாறியதும் மதிப்பிருக்காது. அவசரமும் இல்லை. முதல் ஆண்டு எந்தப் பத்திரமும் இல்லாமல் ஒரு மாணவரின் செலவை நீங்களே நேரடியாக ஏற்றுப் பாருங்கள், சட்டத்தில் தடையில்லை. படிவத்தின் ஓட்டைகள் அதில் தெரிந்துவிடும்.

தம்பி பணம்: வேண்டாம். அந்நியக் குடியுரிமை பெற்றவர் டிரஸ்டுக்குத் தருவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். உங்கள் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து டிரஸ்டுக்கு மாற்றினாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். பலர் மாட்டுவது இங்கேதான். அந்தச் சட்டப்படி பதிவு வாங்கப் பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாடும் அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. தம்பி தர விரும்பினால் அந்தப் பதிவு ஏற்கெனவே உள்ள ஓர் இந்திய நிறுவனத்துக்கோ, தான் இருக்கும் நாட்டிலுள்ள ஓர் உதவித்தொகை அமைப்புக்கோ நேராகத் தரட்டும்.