ஷார்க் பேயில் ஆளே இல்லையாமே, குடும்பத்தோடு போய் இருக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் பே என்ற கடலோர உள்ளாட்சிப் பகுதியின் பரப்பு 25,000 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஆயிரம்தான் என்கிறார்கள். ஆளே இல்லாத அந்த இடத்தின் நிலம் எப்படி, யார்தான் அங்கே வாழ்கிறார்கள்?"

"ஆளே இல்லாத" என்பதைப் படித்த பிறகு சும்மா கடந்துபோக முடியவில்லை. 2014 முதல் 2018 வரை நான்கு வருஷம் அந்த ஊரில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தவன் நான். 2016 கணக்கெடுப்பில் ஷயர் எனப்படும் அந்த உள்ளாட்சிப் பகுதியின் மக்கள்தொகை 946. அந்த 946 பேரில் நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, என் மகள்.

வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சும்மா பொது அறிவுக்காக யாரும் ஷார்க் பேயைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கு விசா வேலை பார்த்த முகவர், மாநிலத் தலைநகரான "பெர்த்திலிருந்து மூன்று மணி நேரம்தான்" என்று சொல்லி அனுப்பினார். உண்மையில் நான் வேலை பார்த்த ஊரான டென்ஹம் பெர்த்துக்கு வடக்கே சுமார் 830 கிலோமீட்டர். ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் புவியியல் படித்தவன் இல்லை. நடந்து பார்த்ததையும் அங்கிருந்தவர்கள் சொல்லித் தெரிந்ததையும் சொல்கிறேன்.

ஷயர் என்றால் நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி ஓர் அமைப்பு. ஆனால் இந்த ஒன்றியத்துக்குள் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தை ஐந்து தடவை வைத்தாலும் இடம் மிஞ்சும். 2011 கணக்குப்படி தூத்துக்குடி மாவட்டத்தில் பதினேழரை லட்சம் பேர். இங்கே ஓர் ஆளுக்கு இருபத்தைந்து சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஆனால் இந்தச் சராசரிக் கணக்கு ஏமாற்றும். மக்கள் அப்படிப் பரவி இருக்கவில்லை. பெரும்பாலானோர் டென்ஹம் என்ற ஒரே ஊரில், கடலைப் பார்த்த ஒரு தெருவும் அதற்குப் பின்னால் சில தெருக்களுமாக இருக்கிறார்கள். 24 கிலோமீட்டர் தள்ளி மங்க்கி மையா, ஓங்கில் மீன் (டால்பின்) கரைக்கே வந்து நிற்கும் இடம். மேற்கே யூஸ்லெஸ் லூப், உப்பளத் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. மற்றபடி ஆடு மாடு வளர்க்கும் பெரிய பண்ணை நிலங்கள். அதில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர் புதர்க்காடு.

வரைபடத்தில் பாருங்கள், இரண்டு விரல் நீட்டினாற்போல் இரண்டு தீபகற்பங்கள் வடக்கு நோக்கிக் கடலுக்குள் போகும். நடுவிலும் பக்கத்திலும் ஆழமில்லாத விரிகுடா. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான மல்கானா மக்கள் அதை கதாகுடு என்பார்கள், இரண்டு விரிகுடா என்று பொருள். அவர்களுடைய பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது 2018ல். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் வாழும் இடத்தை "ஆளே இல்லாத" என்று சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஏன் இவ்வளவு குறைவான ஆட்கள்? தண்ணீர். மழை வருஷத்துக்கு 200 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். வெயிலும் தெற்கத்திக் காற்றும் சேர்ந்து அதைப்போலப் பத்து மடங்கை ஆவியாக்கிவிடும். டென்ஹமுக்கு முத்துக்குளிப்புக் காலத்தில் இருந்த பழைய பெயரே ஃப்ரெஷ்வாட்டர் கேம்ப், நல்ல தண்ணீர் முகாம். நல்ல தண்ணீர் கொஞ்சம் கிடைத்ததுதான் அந்த இடத்தின் அடையாளமாக இருந்திருக்கிறது. நாங்கள் இருந்த வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் உப்பு நீக்கிய தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். இன்னொன்றில் ஆழ்குழாய் உப்புத் தண்ணீர், கழிவறைக்கும் தோட்டத்துக்கும். கீழத் தெருக் குழாய்க்குக் குடத்தோடு நடந்து வளர்ந்த என் மனைவி முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டாள். பெர்த்திலிருந்து வந்த விருந்தாளிகள்தான் தவறான குழாயைத் திறந்து முகம் சுளிப்பார்கள்.

மனிதனுக்கு ஆகாத அந்த உப்புதான் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம். ஹாமலின் பூல் என்ற உட்பகுதியில் கடற்புல் மேடு ஒன்று குறுக்கே நின்று தண்ணீரைத் தடுக்கிறது. உள்ளே உப்பு கடலைப்போல இரண்டு மடங்கு. நத்தைகள் மேய முடியாத அந்தத் தண்ணீரில் நுண்ணுயிர்கள் படிந்து படிந்து கருங்கல் போலத் திட்டுத் திட்டாக வளர்ந்திருக்கின்றன. ஸ்ட்ரோமட்டோலைட் என்கிறார்கள். பூமியில் முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த உயிர்களின் சாயல், இன்னும் உயிரோடு. ஷெல் பீச் கரையில் மணலே கிடையாது, முழுக்கச் சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைச் சிப்பி. அது இறுகிக் கல்லாகி, அதையே வெட்டி எடுத்து டென்ஹமில் தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். விரிகுடாவில் நாலாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடற்புல். அதை மேய்வதற்குப் பத்தாயிரம் அளவில் கடல்பசு. மன்னார் வளைகுடாப் பக்கம் நாம் ஆவுளியா என்போமே, அதேதான். அங்கே சின்ன வயதில் பேச்சில் மட்டும் கேட்ட உயிரை, இங்கே படகில் போனபோது தாயும் குட்டியுமாகப் பக்கத்தில் பார்த்தேன். 1991ல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததெல்லாம் இவற்றுக்காகத்தான்.

அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி மிதித்தவர். யூஸ்லெஸ் லூப் உப்பைப் பற்றி போனில் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "அங்க காத்து எப்படி?" தெற்கத்திக் காற்று என்றேன். "அப்போ நல்லா விளையும்" என்றார். 1801ல் வந்த பிரெஞ்சுக்காரர்கள், நுழைவாயிலை மணல்திட்டு அடைத்திருந்ததால் அதற்கு உதவாத துறை என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அங்கேதான் இன்று உப்பு விளைந்து கப்பலேறுகிறது.

இனி மக்கள். 946 என்ற எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை 2016 ஜூலையில் ஒரு ராத்திரிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பத்து மணிக்கு மேல் என் மனைவிக்கு வலது அடிவயிற்றில் வலி. ஊரில் மருத்துவமனை கிடையாது, செவிலியர் நிலையம் மட்டும்தான். பக்கத்து மருத்துவமனை கார்னார்வன், 330 கிலோமீட்டர். போன் செய்த சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டி வந்தவர் யார் தெரியுமா? அன்று காலை எனக்கு வெங்காயம் எடை போட்டுக் கொடுத்த கடைக்காரப் பெண்மணி. அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டுவது தன்னார்வலர்கள்தான். செவிலியர் பார்த்துவிட்டு குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று பறக்கும் மருத்துவர் சேவையைக் கூப்பிட்டார். விமான ஓடுதளத்துக்குப் போனால், இரண்டு வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. கங்காரு நின்றால் விமானம் இறங்க முடியாது, விரட்டுகிறார்கள். அதில் ஒருவர் பள்ளியில் பராமரிப்பு வேலை பார்ப்பவர், இன்னொருவர் மீன்பிடிப் படகு வைத்திருப்பவர். ஜூலை அங்கே குளிர்காலம், காற்று அறைந்தது. கடைக்காரப் பெண்மணி தன் பூட்ஸைக் கழற்றி, போட்டிருந்த கம்பளிக் காலுறையை உருவி என் மனைவியின் காலில் மாட்டிவிட்டார். பிறகு வெறுங்காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார்.

விமானத்தில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருந்ததால் எனக்கு இடமில்லை. மகளைப் பக்கத்து வீட்டு மல்கானா ஆன்ட்டி தூக்கிக்கொண்டு போனார். விடியும்போது நான் காரில் பெர்த்துக்குக் கிளம்பினேன். போய்ச் சேர்வதற்குள் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நான் இல்லாத அந்த ஒரு வாரம் விடுதிச் சமையலறையில் நின்றது யார் என்று திரும்பி வந்து கேட்டேன். செவிலியரின் கணவர்.

ஆயிரம் பேர் உள்ள ஊரில் ஒவ்வொருவரும் நான்கு பேர் வேலையைப் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் கணக்கெடுப்பு நடந்தது. ஆகஸ்ட் என்றால் அங்கே சுற்றுலாக் காலம், கேரவன் பூங்காக்களில் இடம் கிடைக்காது. ஆனால் ஷயரின் மக்கள்தொகை என்று சொல்லும்போது அந்தச் சுற்றுலாப் பயணிகளைச் சேர்ப்பதில்லை, அவரவர் வழக்கமாக வசிக்கும் ஊர்க் கணக்கில் போய்விடுவார்கள். அதனால் தெருவில் நீங்கள் காணும் கூட்டம் வேறு, ஏட்டில் உள்ள எண் வேறு. அந்த வருஷம் அக்டோபரில், டிர்க் ஹார்டாக் என்ற டச்சு மாலுமி அங்கே வந்திறங்கிய 400ஆம் ஆண்டு விழாவுக்கு வந்தவர்களுக்குச் சமைத்தே என் கை ஓய்ந்தது.

"நல்லதை மட்டும் சொல்கிறான்" என்று சிலர் எழுதுவீர்கள், தெரியும். குறைகளும் உண்டு. பிரசவம் அங்கே பார்க்க முடியாது, வாரங்கள் முன்பே வேறு ஊர் போய்த் தங்க வேண்டும். பல் வலித்தாலும் பயணம்தான். 2015 மார்ச்சில் ஓல்வின் புயல் கார்னார்வன் வாழைத்தோட்டங்களைச் சாய்த்த பிறகு பல வாரம் நல்ல காய்கறிக்கு அலைந்தேன். ஒரே பள்ளி, வகுப்புகளைச் சேர்த்து நடத்துவார்கள். என் மகள் அங்கே நன்றாகவே படித்தாள், எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தும் என்று சொல்லவில்லை. தமிழ் பேச எங்களைத் தவிர யாரும் இல்லை.

தமிழ் பேச என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தமிழ் கேட்கும் ஆசையில் ஒரு பொங்கலுக்கு அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு பெர்த்தில் ஒரு விழாவுக்குப் போனோம். என்ன வேலை என்று கேட்டார்கள். சமையல் என்றேன். "ரெஸ்டாரண்ட் வெச்சிருக்கீங்களா?" இல்லை, சமைக்கிறேன் என்றேன். அதற்கப்புறம் அந்த மேசையில் என்னிடம் யாரும் பேசவில்லை. கணினி வேலை பார்த்தால் ஒரு மரியாதை, கரண்டி பிடித்தால் ஒரு மரியாதையா? அன்று அவர்கள் சாப்பிட்ட பொங்கலையும் ஒருவர் நின்று கிண்டியிருக்கிறார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை, ஆனாலும் எட்டு ஒன்பது வருஷமாக மனதில் கிடக்கிறது. டென்ஹமில் நான்கு வருஷத்தில் ஒருவர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை என்றால் படகுக்காரர்களே நண்டைக் கொண்டுவந்து கொடுத்து, என்னை நண்டுக் குழம்பு வைக்கச் சொல்வார்கள்.

போவதென்றால் புளி, மிளகாய்த்தூள், குக்கர் கேஸ்கட் எல்லாம் பெர்த்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் இடத்தில் ஓவர்லேண்டர் என்று ஒரு பெட்ரோல் நிலையம் வரும், அங்கே நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து டென்ஹம் 130 கிலோமீட்டர். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள், இருட்டினால் கங்காரு சாலைக்கு வந்துவிடும்.