சாட்ஸ்வர்த்தைக் காத்தது யார்?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது டார்பிஷரில் சாட்ஸ்வர்த் மாளிகையைச் சுற்றிப் பார்த்தோம். கேவண்டிஷ் குடும்பம், அதாவது டெவன்ஷர் டியூக்குகள், 450 ஆண்டுகளுக்கு மேலாக அந்த இடத்தை விடாமல் வைத்திருக்கிறார்களாம். நம் ஜமீன்தார்கள் ஆடம்பரத்தாலும் பங்காளிச் சண்டையாலும் அழிந்துபோனார்கள். வெள்ளைக்காரனுக்கு மட்டும் கட்டிக்காக்கும் புத்தி எங்கிருந்து வந்தது? இன்னொன்று: மோரிஸ் பழத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் உண்டாமே?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

புத்தியெல்லாம் இல்லை. 5வது டியூக்கின் மனைவி ஜார்ஜியானா சூதாட்டத்தில் ஏற்றிய கடனைக் கணவரிடம் முழுதாகச் சொல்லாமலே செத்துப்போனார். 6வது டியூக் தோட்டத்துக்கும் சிற்பங்களுக்கும் வாரியிறைத்தார். 7வது டியூக் பாரோ என்ற ஊரில் எஃகு ஆலை, கப்பல் கட்டும் தொழில் என்று பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். செலவழிப்பதில் நம் ஜமீன்தார்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. அவர்களைக் காத்தது சட்டம்.

குடும்பத்தின் முதல் சொத்தே அரசாங்க வேலையில் வந்தது. மன்னர் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களைப் பறித்தபோது அந்தக் கணக்குகளைப் பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் கேவண்டிஷ். மடாலய நிலம் அவர் கைக்கும் வந்தது. அவர் மனைவி பெஸ், டார்பிஷர்க்காரி. மொத்தம் நான்கு கல்யாணம் செய்து ஒவ்வொரு முறையும் சொத்தைப் பெருக்கியவர். 1549ல் சாட்ஸ்வர்த்தை வாங்க வைத்தவரும் அவரே. மகன் 1618ல் காசு கொடுத்து, டியூக்குக்குக் கீழ்ப்படியான ஏர்ல் பட்டம் வாங்கினார். நிலமெல்லாம் டார்பிஷரில், பட்டம் டெவன்ஷர் பெயரில். அந்த நாட்டில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. 1688ல் டச்சு இளவரசர் ஆரஞ்சு வில்லியமை அரசாள வரும்படி அழைத்துக் கடிதம் எழுதிய ஏழு பேரில் ஒருவர் நான்காவது ஏர்ல். 1694ல் அவர் டியூக் ஆனார்.

இப்படிச் சேர்ந்த சொத்து சிதறாமல் இருக்க 17ஆம் நூற்றாண்டில் வக்கீல்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எஸ்டேட்டை ஆள்பவர் அதற்கு உரிமையாளர் அல்ல, ஆயுள் அனுபவதாரர் மட்டுமே. வருமானத்தைத் தின்னலாம், நிலத்தை விற்க முடியாது. மூத்த மகனுக்கு 21 வயதானதும் அப்பா கூப்பிட்டு, 'மாதாமாதம் உனக்குப் பணம் வரும், இதில் கையெழுத்துப் போடு' என்பார். போட்டால் மகனும் ஆயுள் அனுபவதாரர். நிலம் இன்னும் பிறக்காத பேரனுக்கு. பையன்களுக்குப் பணம் அவசரம், போட்டுவிடுவார்கள். தலைமுறைக்கு ஒருமுறை இதே நாடகம். பங்காளிச் சண்டைக்கு இடமே இல்லை, ஏனென்றால் தம்பிகளுக்கு நிலத்தில் பங்கே இல்லை. 1882ல் ஒரு சட்டம் வந்த பிறகுதான் ஆயுள் அனுபவதாரர் நிலத்தை விற்க வழி பிறந்தது.

நம் பக்கமும் 1904ல் மதராஸ் அரசு பல ஜமீன்களைப் பாகம் பிரிக்கக்கூடாத எஸ்டேட்டுகள் என்று சட்டம் போட்டது. பிறகு 1948ல் ஒரு சட்டம் வந்து ஜமீன் முறையையே ஒழித்தது. ஆடம்பரம் பலரைக் கடனில் தள்ளியது உண்மை. ஆனால் ஜமீன் போனது சட்டசபையில். பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. மரண வரி வந்தது.

1894ல் சிறிதாகத் தொடங்கிய அந்த வரி 1950ல் பெரிய சொத்துகளுக்கு 80 சதவீதம். அன்றைய விதிப்படி, இறப்பதற்கு ஐந்து ஆண்டு முன்பே சொத்தை மாற்றி எழுதிவிட்டால் வரி கிடையாது. 10வது டியூக்கின் மூத்த மகன் 1944 செப்டம்பரில் பெல்ஜியத்தில் போரில் செத்தான் (அவன் மணந்தது பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் தங்கையை, கல்யாணமாகி நான்கு மாதம்தான்). அதன் பிறகு டியூக் 1946ல் சொத்தை மாற்றி எழுதினார். 1950 நவம்பர் 26 அன்று ஈஸ்ட்போர்னில் மாரடைப்பில் போய்விட்டார், வயது 55. இன்னும் சில மாதங்கள் இருந்திருந்தால் ஐந்து ஆண்டு கணக்கு முடிந்திருக்கும். அவரைப் பார்த்துவந்த டாக்டர் பின்னால் ஒரு நோயாளியைக் கொன்றதாக வழக்கில் நின்று விடுதலையானவர் என்பதால், இன்றைக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் பொருட்படுத்துவதில்லை.

வரிக்கணக்கைப் பேசி முடிக்கவே 17 ஆண்டுகள் ஆயின. பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகை கைவிட்டுப் போனது. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றியின் பெரிய கோட்டோவியமும் மெம்லிங்கின் பலிபீட ஓவியமும் லண்டன் அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஆயிரக்கணக்கான ஏக்கர் விற்றது. நீங்கள் டிக்கெட் வாங்கி நுழைந்த வீடு 1981 முதல் ஓர் அறக்கட்டளையின் குத்தகையில் இருக்கிறது. டியூக் குடும்பம் அதில் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது.

பழக்கதை உண்மைதான். மொரிஷியஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஒரு வாழைக்கன்றை 1830 வாக்கில் 6வது டியூக்கின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் சாட்ஸ்வர்த் கண்ணாடிக் குடிலில் வைத்து வளர்த்தார். 1835ல் அது பூத்தது, அவர் முதலாளியின் குடும்பப் பெயரை வைத்தார். மோரிஸ் அந்த கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் உங்கள் ஊர்ச் சந்தையில் தொங்கும் தார் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்ததாக நினைக்க வேண்டாம். மொரிஷியஸுக்கே அந்த வாழை சீனாவிலிருந்து போனது. டியூக் தந்தது பெயர் மட்டும்.