கரண்ட் போனால் கைகொடுக்கும் பெட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: கையில் தூக்கிச் செல்லும் பவர் ஸ்டேஷன், அதாவது பெரிய பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கினேன். 80,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கிறது. என் போன் 5,000. கணக்குப்படி 16 தடவை ஏற வேண்டும். 11 தடவையோடு நின்றுவிடுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: இல்லை. எம்.ஏ.எச்.சை (மில்லி ஆம்பியர்-மணியை) விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மொத்த மின்சக்தியைச் சொல்லும் வாட்-மணியைப் பாருங்கள். உள்ளே 3.7 வோல்ட் செல் என்றால், 80,000ஐ 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, உங்கள் பெட்டி 296 வாட்-மணி. போன் பேட்டரி ஏறக்குறைய 19. காகிதத்தில் 15 தடவை வரும். ஆனால் வோல்ட்டை மாற்றும்போது பெட்டிக்குள் கொஞ்சமும், போன் சூடாவதில் கொஞ்சமும் போய்விடும். 11, 12 வந்தால் நல்ல பெட்டிதான். சார்ஜரை 230 வோல்ட் ப்ளக்கில் செருகினால் இன்னும் குறையும், யூ.எஸ்.பி. துளையிலேயே ஏற்றுங்கள்.

கேள்வி: மகளின் ஒன்லைன் வகுப்புக்காக ரூட்டரைப் பெட்டியில் கொடுக்கிறோம். 90 வீதம் இருக்கும்போதே ரூட்டர் அணைந்துவிடுகிறது. பெட்டி பழுதா? (வாசகி, ஹட்டன்)

பதில்: பழுதில்லை, பெட்டியின் சிக்கனம். ரூட்டர் இழுப்பது 10 வாட் அளவுதான். இவ்வளவு சின்ன சுமையைக் கண்டால், ஒன்றுமே செருகவில்லை என்று நினைத்துப் பல பெட்டிகள் ஏ.சி. பக்கத்தை (230 வோல்ட் ப்ளக்கை) அணைத்துவிடும். 'ஈக்கோ' என்று இருப்பதை நிறுத்தினால் அணையாது.

ஆனால் ரூட்டரை ஏ.சி. ப்ளக்கில் கொடுப்பதே வீண். 12 வோல்ட்டை 230 ஆக்கி, ரூட்டர் அடப்டர் அதை மறுபடி 12 ஆக்குகிறது. ஏ.சி. பொத்தான் போட்டிருக்கும் வரை, பேட்டரி கரண்டை 230 வோல்ட் ஆக்கும் இன்வர்ட்டர் சும்மாவே 10 வாட் வரை குடிக்கும், அதாவது இன்னொரு ரூட்டர் ஓடுகிற மாதிரி. 296 வாட்-மணிப் பெட்டி இப்படி 13 மணித்தியாலத்தில் காலி. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு அவ்வளவு நேரம் கரண்ட் வெட்டினார்கள், நினைவிருக்கும். அதே ரூட்டரை 12 வோல்ட் துளையிலிருந்து நேரே ஓட்டினால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும்.

அதற்குமுன் அடப்டரின் முதுகைப் படியுங்கள். 'அவுட்புட்' 12 வோல்ட் என்று இருக்க வேண்டும். 9 வோல்ட் ரூட்டரை இதில் செருகினால் கருகிவிடும். நடுமுனை பிளஸா என்ற சின்னப் படமும் அங்கேயே இருக்கும். வயர் முனை பெரும்பாலும் வெளி விட்டம் 5.5, உள் விட்டம் 2.1 மில்லிமீட்டர்.

கேள்வி: 300 வாட் பெட்டியில் கேத்தல் போடலாமா? (வாசகர், நானுஓயா)

பதில்: முடியாது. கேத்தல் பெரும்பாலும் 1,500 வாட்டுக்குக் குறையாது. இப்படியான பெட்டியில் எழுதியிருக்கும் 600 வாட் 'சர்ஜ்' (திடீர் இழுப்பைத் தாங்கும் அளவு) கண் சிமிட்டும் நேரத்துக்குத்தான். தேயிலைக்குத் தண்ணீர் அடுப்பிலேயே கொதிக்கட்டும்.

கேள்வி: 100 வாட் சோலார் தட்டு வாங்கினால் போதுமா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: உங்கள் ஊருக்குச் சரி. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழையும் பனிமூட்டமுமாகக் கிடக்க, உங்கள் ஊவாப் பக்கம் வெயில் அடிக்கும். நல்ல வெயிலில் 100 வாட் தட்டு 60, 70 வாட் தரும். மூட்டத்தில் 10, 15 வந்தாலே பெரிது. அந்த மாதங்களில் உங்கள் பக்கம் காற்றும் பலம், தட்டைக் கயிற்றால் கட்டுங்கள். கொடிக்கயிற்றுத் துணியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் வரவு பாதியாகலாம். தட்டு வெயிலில், பெட்டி நிழலில். தகரக் கூரைக்கு அடியில் பரணில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஜனவரி விடியலில் இஸ்தோப்பில் (வராந்தாவில்) வைத்த பெட்டி சார்ஜ் ஏறவில்லை. (வாசகர், நுவரெலியா)

பதில்: புல்லில் உறைபனி விழுந்த விடியலாக இருக்கும். லித்தியம் செல் பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏறினால் கெட்டுப்போகும். அதனால் பெட்டியே தடுக்கிறது. வீட்டுக்குள் கொண்டுவந்து இரண்டு மணித்தியாலம் விடுங்கள். மேலே வியர்த்த ஈரம் காய்ந்த பிறகு செருகுங்கள். அடுப்போரம் வைத்துச் சூடுகாட்ட வேண்டாம்.