கேள்வி – பதில்: அகத்துக்கும் ஆள் வேண்டும்

கேள்வி: தைப்பூசக் காவடியும் அலகும் வெறும் வெளிவேஷம். உண்மையான பக்தி அகத்தில் இருப்பது. நம் முன்னோர் ‘அகம்’ என்று சொன்னதும் இதைத்தானே?
– ஒரு வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: இல்லை. முன்னோரைச் சாட்சிக்கு இழுக்குமுன் அவர்கள் சொன்னதைக் கேட்டுவிடுவோம். சங்கப் பாட்டில் அகம் என்றால் காதல். அதற்கு இரண்டு பேர் வேண்டும். போதாததற்குத் தோழி, செவிலி, பாணன், அலர் தூற்றும் ஊர் வேறு. கூடிய இருவரும் அந்த இன்பம் இப்படி இருந்தது என்று தங்களுக்குள்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது, உள்ளத்தால் உணர்வதுதான், அதனால்தான் அகம் என்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். குறுந்தொகை 25-இல் கபிலரின் தலைவி புலம்புகிறாள்: அன்றைக்கு அங்கே அந்தக் கள்வனைத் தவிர யாருமில்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? அப்புறம் ஒரு குருகு, அந்த நீர்ப்பறவை, இருந்தது நினைவுக்கு வருகிறது. தினைத்தாள் போல மெல்லிய பசுங்கால். கண்ணெல்லாம் ஓடும் நீரில் வரும் ஆரல் மீன்மேல். நல்ல சாட்சி!

பிறகு நம்மாழ்வாரும் மாணிக்கவாசகரும் காதலன் இடத்தில் கடவுளை வைத்தார்கள். அப்போதும் இரண்டு பேர்தான். ‘நட்ட கல்லும் பேசுமோ’ என்று கேட்ட சித்தர் சிவவாக்கியரை உங்கள் கட்சிக்குக் கூப்பிடுங்கள், வருவார். இன்று யோகா வகுப்பில் கேட்கிற அகமோ ‘நான்’ மட்டும் குடியிருக்கும் ஒற்றை அறை.

சரி, காவடிக்கு வருவோம். கொடியேற்றியதிலிருந்து பத்து நாள் கரேம் (விரதம்) இருந்து, நாக்கில் வேல் குத்தி, முதுகுக் கொக்கிகளில் எலுமிச்சம்பழம் ஆட, ஒருவர் இங்கே கோர் தெ கார்ட் மலையிலுள்ள முருகன் கோயிலுக்குப் படியேறுகிறார். வேல் இருப்பதால் வாயைத் திறந்து பேச வழியில்லை. வெயிலோ நம் தீவின் கோடையான ஜனவரி, பிப்ரவரி வெயில். காவடியில் கட்டிய செம்புப் பால் திரியாமல் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை வேறு. அவருக்குள் என்ன நடக்கிறது என்று ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் உங்களுக்கும் எனக்கும் எப்படித் தெரியும்?

வேஷக்காரர்கள் உண்டு. கைப்பேசியைக் கண்ட இடமெல்லாம் நின்று முகம் காட்டிப் போகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்டி எழுதுங்கள், வெட்டாமல் போடுகிறேன். மற்றவர்களையும் சேர்த்துத் திட்டினால் பக்கம் தர மாட்டேன்.