காரை இறக்கினேன், ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது

கேள்வி: காரின் உயரத்தைக் குறைக்க வீட்டிலேயே காய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர்) மாட்டினேன். முன்பக்கம் இடதுபுறம் 1 செ.மீ. உயரமாக நிற்கிறது. ஏன்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஜாக்கில் தூக்கிய நிலையிலேயே கீழ்க்கை (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) போல்ட்டுகளை இறுக்கிவிட்டீர்களா, தம்பி? முதல்முறை நானும் அப்படித்தான் செய்தேன். அந்தக் கையின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரம் காரின் எடையைத் தாங்கி நிற்கும்போது டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். இன்னும் வித்தியாசமா? அடி பிராக்கெட்டில் உயரம் மாற்றும் வகையென்றால் அதைத் திருப்புங்கள். ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருப்பினால் பிரீலோடும் (ஸ்பிரிங் முன்கூட்டியே அழுந்தியிருக்கும் அளவு) மாறிவிடும். பூட்டு வளையம் விரலுக்கு அசையவே கூடாது. அப்புறம் வீல் அலைன்மென்ட். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக் ஸ்டாண்டு இல்லாமல் மட்டும் காருக்கு அடியில் போகாதீர்கள்.