உலுக்கியும் எழவில்லை

கேள்வி: என் ரூமில் தங்கும் அண்ணன் பத்து வருஷமாகக் கம்பி கட்டுகிறார். முதுகுவலிக்கு ஊரிலிருந்து டிரமடால் மாத்திரை கொண்டுவந்து போடுகிறார். முன்பு ஒன்று, இப்போது நான்கு. போன ஞாயிறு மாத்திரையோடு பீரும் குடித்துவிட்டுப் படுத்தார். குறட்டை கொறகொறவென்று விட்டுவிட்டு வந்தது. உலுக்கியும் எழவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வேலை பெர்மிட் போய்விடுமோ என்று பயந்து, விடியும்வரை முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். பிழைத்துவிட்டார். நாங்கள் செய்தது சரியா?
- ஒரு தொழிலாளி, துவாஸ், சிங்கப்பூர்

பதில்: தப்பு தம்பி. பயம் புரிகிறது, ஆனாலும் தப்புதான். முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். "தூங்கட்டும்னு விட்டுட்டோம் சிஸ்டர்" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அது தூக்கமே இல்லை. டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் இனத்தைச் சேர்ந்த வலி மருந்து. அளவு மீறினால் மூச்சை மட்டுப்படுத்தும், வலிப்பும் வரலாம். பீர் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தாலோ எழுப்ப முடியாவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995. ஆங்கிலம் வராதா? "கெனாட் வேக், பிரீத்திங் நோ குட்" என்று சொல்லி, டார்ம் (தங்கும் விடுதி) பெயர், பிளாக் நம்பர் கொடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் போனில் இருப்பவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்துங்கள். எலுமிச்சை, மோர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரை அட்டையை ஒளிக்காமல் ஆம்புலன்ஸ்காரர் கையில் கொடுங்கள். ஓபியாய்டை முறிக்க நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது, என்ன சாப்பிட்டார் என்று தெரிந்தால்தானே கொடுப்பார்கள்?

பெர்மிட் போகவே போகாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பெட்டியில் ஊருக்குப் போவதைவிட பெர்மிட் இல்லாமல் போவது மேல்.

இது உங்கள் ரூம் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓபியாய்டால் இறந்த உழைப்பாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கட்டுமானம், சுரங்கம் போன்ற வேலைக்காரர். குனிந்தே செய்கிற வேலை. எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் ஓவர்டைம் காசு போச்சு. அப்புறம் மாத்திரைதானே?

அண்ணனை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். வியர்த்து நடுங்கி, வயிறு போய், தாங்காமல் திரும்ப எடுத்துவிடுவார். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். லீவில் ஊருக்குப் போய் விட்டுவிட்டு, வந்ததும் பழையபடி நான்கைப் போடுவது இன்னும் ஆபத்து, உடம்புக்குப் பழக்கம் விட்டிருக்கும். சைட்டில் அடிபட்டு வந்த வலி என்றால், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி வைத்தியச் செலவு முதலாளியுடையது, அதையும் கேளுங்கள்.

மருத்துவரிடம் அவரைத் தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். வழியில் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.